கோர்வைப் பிடி

அன்றைக்குத் தோற்பதற்குச் சம்மதித்துத்தான் நான் மேடை ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்கப் பிடிக்காமல் தேவிப்ரியா தகராறு செய்தாள் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. எங்கள் மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொண்டுதான் இறங்குவோம். பொய்ச் சண்டை என்று சிரிக்கிறவர்கள் அந்த மேடைப் பலகைமேல் ஒரு தடவை மல்லாந்து விழுந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

எங்கள் ஊர் ஐயம்பேட்டைக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. எனக்கு எதிரில் ஏனாத்தூர் சிம்ரன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். ஆட்டம் நடத்தும் சிட்டிபாபு அண்ணன், இந்த முறை அவள் ஜெயிக்கட்டும் என்றார். என்னைச் சுருட்டிப் போட்டு அமுக்குவாள், நடுவர் மூன்று எண்ணுவார், அவ்வளவுதான். சரி என்றேன். முதல் வரிசையில் அவள் அம்மா கங்கையம்மாள் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மகள் ஜெயித்து அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் தொழிலில் ஒவ்வொருத்திக்கும் ஒரு முத்திரைப் பிடி உண்டு. இன்னொருத்தியுடையதைத் தொடக் கூடாது. என்னுடையது கோர்வை. சேலையின் உடலையும் கரையையும் கோக்கும் நெசவுக்குக் கோர்வை என்று பெயர், அதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எதிரே கரைப் பக்கம் உட்கார்ந்து ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளியது நான்தான். பெயரை அங்கிருந்துதான் எடுத்தேன். என் காலை எதிராளியின் கால்களோடு கோத்து மடக்கிப் பூட்டுவேன். பூட்டிவிட்டால் தீர்ந்தது, பலகையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இதுவரை யாரும் தப்பியதில்லை. ஜனத்துக்குத் தெரியாத ஒன்று, கீழே கிடப்பவள் தன் இடது காலைத் தானே மடித்துக் கொடுக்காவிட்டால் அந்தப் பூட்டு விழவே விழாது. பஸ் ஸ்டாண்டில் என் பெயர் தெரியாதவர்கள்கூட என்னைக் கோர்வை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

முன்பே பேசி வைத்தபடிதான் ஆடிக்கொண்டு வந்தோம். சிம்ரன் என்னைத் தூக்கிப் போட்டாள். சுருட்டப் போகிறாள் என்று உடம்பைத் தளர்த்திக்கொண்டேன். அவள் சுருட்டவில்லை. என் வலது காலைப் பிடித்துத் தன் காலை நடுவில் விட்டாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. விசில் அடித்துக்கொண்டிருந்தவன் வாயில் விரலை வைத்தபடி நின்றான். என் பிடியை என்மேலேயே போடுகிறாள், அதுவும் என் ஊர் ஜனத்துக்கு முன்னால். அடிப்பாவி என்று வயிறு எரிந்தது.

அவள் குனிந்து, முடியால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். "கால மடிக்கா."

"மாட்டேன். எவ சொன்னா உன்ன இத போடச் சொல்லி?"

"சிட்டிபாபு அண்ணன்தான். இனிமே இது எனக்கு, நீயே ஒத்துக்கினேன்னு சொன்னாரே."

"என்கிட்ட எவனும் கேக்கல."

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். என்னைவிட அவள்தான் அதிர்ந்துபோயிருந்தாள். கால் கொடுக்காமல் நான் விறைத்துக் கிடந்தேன். உதறி எழுந்தால் கோர்வையில் இருந்து தப்பலாம் என்று ஊருக்கே தெரிந்துவிடும், பிடி செத்துவிடும். கொடுத்தால் அது அவளுடையதாகிவிடும். பிடி சாகட்டும் என்றே நினைத்தேன்.

ஜனம் சலசலக்கத் தொடங்கியது. சிம்ரன் இன்னும் குனிந்தாள். "அக்கா, கால குடு. போட்டதும் குப்புறப் பொரண்டுடு. நான் தட்டிடறேன்."

கோர்வையில் இருவரும் சேர்ந்து குப்புறப் புரண்டால் வலி போட்டவளுக்கே திரும்பும். என்மேல் யாரும் செய்யாத காரியம் அது.

"உங்கம்மா பாத்துக்கினு இருக்குதுடி."

"இருக்கட்டும். மடிக்கா, சீக்கிரம்."

காலை மடித்தேன். பூட்டு விழுந்தது. இருவரும் ஒரே மூச்சில் புரண்டோம். சிம்ரன் அலறிக்கொண்டு பலகையைத் தட்டினாள். போட்டவளே தட்டுவதைப் பார்த்து நடுவருக்கே மணியடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் மண்டபமே இடிந்து விழும்படி கத்தினார்கள். கங்கையம்மாள் மட்டும் கூடையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வெற்றி எனக்குக் கசந்தது.

திரைக்குப் பின்னால் சிட்டிபாபு அண்ணன் முகம் வெளுத்து நின்றார். "இன்னாமா பண்ணி வெச்சிருக்கீங்க? சின்னப் பொண்ணு மூஞ்சியோட கோர்வை வேணும்னு ஆட்டத்தப் புடிச்சுப் போடற வீடியோக்காரங்க கேட்டுக்கினு இருக்காங்க. சிம்ரன், நாளையிலேர்ந்து நீ வராத."

"என்கிட்ட ஏன்ணா கேக்கல?" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நிஜம்தானே அது. அப்போது கங்கையம்மாள் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா தட்டின?" என்று மகளிடம் கேட்டார். "நல்லாத்தானே போட்ட?"

சிம்ரன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கால் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும், என்னை மாட்டிவிட. அவள் சொல்லவில்லை.

"அடுத்த ஆட்டத்துலயும் இவதான் கோர்வை போடுவா," என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "நான் கீழ கெடப்பேன். பொரள மாட்டேன், தட்டுவேன். இவ வரலன்னா நானும் வரல. எழுதி வெச்சுக்குங்க."

சிம்ரன் என் கையைப் பிடித்தாள்.

"வேணாங்கா. அது உன்னுது."

"என்னுதுதான்டி. அதனாலதான் குடுக்கறேன். இல்லாததையா குடுக்க முடியும்?"