செத்த நேரம் என்பது எத்தனை நிமிடம்

ரெட்டியார்சத்திரத்து பஸ் தினமும் காலை ஏழே முக்காலுக்குத் திண்டுக்கல் ஸ்டாண்டுக்குள் நுழையும். நத்தம் பஸ் ஏழு நாற்பதுக்கே கிளம்பிப் போயிருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். இரண்டுக்கும் நேரம் எழுதிய ஆளும் ஒருவர்தான், டைம்கீப்பர் ராயப்பராஜ். இடையில் விழுந்த அந்த ஐந்து நிமிடப் பள்ளத்தில் தினமும் மாட்டிக்கொள்கிறவள், ரெட்டியார்சத்திரத்திலிருந்து வரும் அவருடைய மனைவி ரோசலின்.

அவளுக்கு அந்த ஜூனில்தான் நத்தம் சாலையில், சாணார்பட்டியில், தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. பள்ளியில் ஒன்பதரைக்கு மணி அடிக்கும். ஏழு நாற்பதை விட்டால் அடுத்த பஸ் ஒன்பது பத்துக்கு. அதில் போய் இறங்கினால் மணி பத்தாகிவிடும். விடியற்காலை முதல் பஸ்ஸில் கணவனோடு வந்துவிடலாம்தான். ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செபாஸ்தியம்மாள் ஏழு மணிக்குத்தான் வருவாள். ஜூன் முழுக்கப் பொறுத்த தலைமையாசிரியர் மாதக் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். ஜூலையில் மூன்று நாள் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

“ஏங்க, ஊருக்கெல்லாம் நேரம் எழுதுறீக. கட்டுனவளுக்கு அஞ்சு நிமிஷம் கெடைக்கலையாக்கும்?” என்றாள் ரோசலின்.

ராயப்பராஜ் முயலாமல் இல்லை. நத்தம் பஸ்ஸைப் பத்து நிமிடம் தள்ளி எழுதிப் பார்த்தார். அது பத்து நிமிடம் தாமதமாகத் திரும்பியது. அதில் வந்து நிலக்கோட்டை பஸ் பிடிக்கிறவர்கள் தவித்தார்கள். நிலக்கோட்டையைத் தள்ளினால் வேடசந்தூர் விட்டுப்போனது. வேடசந்தூரைத் தள்ளினால் வத்தலக்குண்டு. சட்டையின் முதல் பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி, எங்கே சரிசெய்தாலும் கடைசியில் ஒரு ஓட்டை மிஞ்சியது. ஐந்து ஊர், ஐந்து பஸ். இதில் என்னதான் சிக்கல் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பிடி கிடைத்தது ஜமால் முகமதின் டீக்கடையில். ரோசலினின் அண்ணன் ஆரோக்கியதாஸ் ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரிக்கிறவர். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“மாப்ள, நாக்பூர்ல பிளேன்காரன் இத எப்பவோ முடிச்சிட்டான். மெட்ராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா. நாலு ஊர்லருந்தும் ராத்திரி தபால் பிளேன் கெளம்புது. எங்க போகுதுங்கிறீக?”

“மெட்ராஸ் பிளேன் டெல்லிக்குப் போகும்.”

“அதான் இல்ல. நாலும் நாக்பூருக்குத்தான் போகுது.”

மேசையில் ஒரு மசால் வடையை வைத்தார். அதைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு நிலக்கடலை. “வடை நாக்பூர். நடுச்சாமத்துல நாலு பிளேனும் ஒண்ணா வந்து எறங்குது. மூட்டைய மாத்திக்கிறாக. மெட்ராஸ் பிளேன் மத்த மூணு ஊர்த் தபாலையும் வாங்கிக்கிட்டு விடியிறதுக்குள்ள மெட்ராஸுக்கே திரும்பிருது. ஊருக்கு ஊர் நேரா விடணும்னா எத்தன வழி வேணும், எண்ணுங்க.”

ராயப்பராஜ் கடலைக்குக் கடலை விரலால் கோடு இழுத்தார். ஆறு.

“ஆறு வழி. ஒவ்வொரு பிளேன்லயும் மூணுல ஒரு பங்குதான் தபால் இருக்கும். வடை வழியாப் போனா நாலு வழி போதும், பிளேனும் நெறஞ்சு போகும்.”

ராயப்பராஜ் விரல்களை மடக்கினார். தன் ஐந்து ஊர்களை எண்ணினார். ஊருக்கு ஊர் நேராக விட்டால் பத்து வழி. திண்டுக்கல்லை நடுவில் வைத்தால் ஐந்து. நாளைக்குக் கீரனூரைச் சேர்த்தால்? கூடப்போவது ஒரே வழிதான், ஆனால் அந்த ஒரு வழியில் கீரனூர்க்காரனுக்கு ஐந்து ஊரும் கிடைத்துவிடும். அவருடைய பஸ்களும் திண்டுக்கல்லுக்குத்தான் வந்தன, திண்டுக்கல்லிலிருந்துதான் போயின. ஆனால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. ஐந்தையும் ஒரே நேரத்தில் சந்திக்க வைக்கத் தவறியதுதான் தப்பு.

“மச்சான், வண்டிய ஒவ்வொண்ணாத் தள்ளக் கூடாது. அஞ்சையும் சேத்துத் தள்ளணும்” என்றார்.

ஜமால் முகமது டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அது சரிப்பா. வத்தலக்குண்டுலருந்து நிலக்கோட்டை ஏழெட்டு மைலு. அதுக்குப்போயி அவன் திண்டுக்கல் வந்து சுத்தணுமா? நடந்தே போயிருவானே.”

நியாயமான கேள்வி. வத்தலக்குண்டு பஸ் மதியம் மூன்று மணிநேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அதை நேராக நிலக்கோட்டைக்கு இரண்டு நடை விடலாம் என்று ராயப்பராஜ் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நத்தம் பஸ் டிரைவர் சின்னக்கண்ணு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“ஏலே, நாக்பூரைத் தின்னுட்டியே” என்றார் ஆரோக்கியதாஸ். “போச்சு. இப்ப நாலு ஊருக்கும் தபால் கெடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பராஜ் மட்டும் வடை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேர் வழியில் ஒரு வண்டி கெட்டால் ஒரு வழிதான் கெடும். நடுவில் கெட்டால் எல்லாமே கெடும்.

முதலாளி வேலுசாமி, முறைப்படி அனுமதி எழுதி வாங்கி, ஜூலையில் பார்க்கலாம் என்றார். “ஏலே ராயப்பா, ஒரு மாசம். சனம் திட்டுச்சுன்னா பழையபடிதான்.” புதிய அட்டவணையில் ஐந்து பஸ்ஸும் ஏழு ஐம்பதுக்குள் திண்டுக்கல் வரவேண்டும், எட்டு மணிக்கு ஐந்தும் கிளம்பவேண்டும்.

முதல் திங்கட்கிழமை ராயப்பராஜ் ஸ்டாண்டின் நடுவில் விசிலோடு நின்றார். வேடசந்தூர் வந்தது. நிலக்கோட்டை வந்தது, கூரையெல்லாம் பூக்கூடை. வத்தலக்குண்டு, நத்தம், ரெட்டியார்சத்திரம். பத்து நிமிடத்துக்கு அங்கே திருவிழாதான். கூடைகள் கூரையிலிருந்து கூரைக்கு மாறின. “நத்தமா, நத்தமா” என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். ஒரு கிழவர் தவறி வேடசந்தூர் பஸ்ஸில் ஏறி இறங்கினார். எட்டு மணிக்கு விசில். ஐந்து வண்டியும் ஐந்து திசையில் பிரிந்தபோது ராயப்பராஜுக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. ரோசலின் நத்தம் பஸ் ஜன்னலிலிருந்து கையசைத்துவிட்டுப் போனாள். எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருந்தாளாம், கதவைத் திறக்கக்கூட ஆள் வரவில்லையாம்.

புதன்கிழமை வேடசந்தூர் பஸ் வரவில்லை. எட்டு மணிக்கு, கிளம்பலாமா என்று டிரைவர்கள் கேட்டார்கள். அதில் வருகிறவர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், “செத்த நேரம் பொறுங்கப்பா” என்றார் ராயப்பராஜ்.

நிலக்கோட்டை டிரைவருக்குச் செத்த நேரம் என்றால் இரண்டு நிமிடம், போய்விட்டான். வத்தலக்குண்டு டிரைவருக்குக் கால் மணி. சின்னக்கண்ணுவுக்கு ஒரு டீ, ஒரு பீடி, ஊர்க்கதை கொஞ்சம். பஞ்சர் ஒட்டி வேடசந்தூர் பஸ் வந்தது எட்டு ஐம்பதுக்கு. அப்புறம்தான் சின்னக்கண்ணு எழுந்தான். ரோசலின் பள்ளிக்குள் நுழைந்தபோது ஒன்பது முப்பத்தைந்து. தாமதம் ஒன்று.

“என்ன சின்னக்கண்ணு, அம்பது நிமிஷமா செத்த நேரம்?”

“நீங்கதானண்ணே பொறுக்கச் சொன்னீக. எம்புட்டுன்னா சொன்னீக?”

ஆத்திரத்தில் ராயப்பராஜ் மறுநாளே உத்தரவு போட்டார். யாருக்காகவும் யாரும் ஒரு நொடி நிற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ரெட்டியார்சத்திரம் பஸ்ஸை ரயில்வே கேட் பிடித்துக்கொண்டது. எட்டு மூன்றுக்கு அது உள்ளே நுழைய, நத்தம் பஸ்ஸின் புழுதி மட்டும் நின்றது. தாமதம் இரண்டு.

ரோசலின் திட்டவில்லை. “இன்னும் ஒண்ணுதாங்க இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

காத்திருந்தாலும் போனது, காத்திருக்காவிட்டாலும் போனது. அன்று மதியம் ராயப்பராஜ் அறையில் உட்கார்ந்து வண்டிகள் வந்த நேரம் எழுதிய பழைய நோட்டுகளைப் பிரித்தார். மூன்று மாதத் தாமதங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். பதினான்கு நிமிடம். ஆறு. இரண்டு. முப்பத்தைந்து. ஐந்து. நாற்பது. மூன்று. பதினேழு. ஒரு மணி.

எழுத எழுத அவர் கை வேகமெடுத்தது. தாளைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

“மச்சான், பாருங்க. தாமதத்துல ரெண்டு சாதி இருக்கு. ரயில்வே கேட்டு, ஆட்டு மந்தை, மூட்டை ஏத்துறது, இதெல்லாம் பதினேழு நிமிஷத்தத் தாண்டல. ஏழு அம்பது வண்டி எட்டு ஏழுக்குள்ள வந்துருது. பஞ்சர், இன்சின் கோளாறு, இதெல்லாம் அர மணிக்குக் கொறையல. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

ஆரோக்கியதாஸ் தாளை மேலிருந்து கீழே படித்தார். “அப்ப எட்டு ஏழுக்கு மேல நிக்கிறவன்…”

“வராத வண்டிக்கு நிக்கிறான்.”

அடுத்த வாரம் இரண்டு நாள் கேட் மூடியது, ஒரு நாள் வேடசந்தூர் பஸ்ஸுக்கு மறுபடி பஞ்சர். மூன்று நாளும் ரோசலின் ஒன்பது மணிக்கு முன்பே சாணார்பட்டியில் இறங்கினாள். ஜூலை முடிந்தபோது அவள் கணக்கில் இரண்டு தாமதம்தான் இருந்தது, வேலையும் இருந்தது. வேலுசாமி பழைய அட்டவணையைத் திரும்பக் கேட்கவில்லை. ஸ்டாண்டில் ராயப்பராஜ் ஒட்டிய தாள் இப்படிச் சொன்னது:

ஐந்து பஸ்ஸும் ஏழு ஐம்பதுக்குள் திண்டுக்கல் வரவேண்டும். எட்டு மணிக்கு ஐந்தும் கிளம்பவேண்டும். ஏதாவது ஒன்று வராவிட்டால் மற்ற நான்கும் எட்டு மணி ஏழு நிமிடம் வரை நிற்கும். அதற்கு மேல் யாருக்காகவும் நிற்காது. வத்தலக்குண்டுக்கும் நிலக்கோட்டைக்கும் மதியம் நேர் பஸ் உண்டு.