கைலாசத்தின் கால்கள்

பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு நெய்தவன், சாயங்காலமானால் ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சேலத்துக்கு வருவான். அங்கே கிறிஸ்தவக் கல்லூரிச் சாமியார்கள் ஊராருக்கென்று நடத்தும் தையல் வகுப்பு. நூல் கிடைக்காத மாதங்களில் கைகொடுக்குமே என்று சேர்ந்துவிட்டான் கைலாசம். உட்கார்ந்ததுமே கொட்டாவிதான் வந்தது.

தறியில் காலை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு நூல் இரண்டாகப் பிளந்து, குறுக்கிழை கொண்டு ஓடும் நாடாவுக்கு வழிவிடும். அந்தப் பழக்கத்தில் தையல் மிஷினையும் அப்படியே மிதித்தான். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்தது. தினமும் இதே கதை.

“ரெண்டு காலும் சேந்து போகணும் அண்ணே!” என்பாள் மரியபுஷ்பம் டீச்சர். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திக் கட்டிப்போன தொண்டை அவளுக்கு.

“மண்டைக்குத் தெரியுதுங்க டீச்சர். இந்தப் பாழாப்போன காலுக்குத்தான் தெரியல.”

ஆடி முடிகிற சமயத்தில் ஒருநாள் மிஷின் தடதடவென்று ஓடியது. தையல் நேராக விழுந்தது. டீச்சர்கூடச் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்து மிதித்தான். இரண்டு காலும் சேர்ந்தே இறங்கின. பாவு மூடியே கிடக்க, பாய்ந்த நாடா அதில் மோதி ஒரு கொத்து இழையை அறுத்தது.

நாடாவுக்கான தார்க்குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி முத்தாயம்மாள் திரும்பிப் பார்த்தாள். “ஏனுங்க, என்னாச்சுங்க?”

கைலாசம் குழிக்குள் குனிந்து தன் கால்களை வெறித்தான். பிறகு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப்போட ஆரம்பித்தான்.

“ஒண்ணுமில்ல புள்ள,” என்றான். “காலு படிச்சுப்போட்டுது.”