குழலுக்கு அடியில் ஒரு விரல்ரேகை

என் வீட்டுக்காரருக்குக் கை வியர்க்கும். கொஞ்சநஞ்சமல்ல, கோப்பையை நீட்டினால் கைப்பிடி நனைந்து திரும்பி வரும். அப்படிப்பட்ட மனுஷன் போய்ச் சேர்ந்தது அருங்காட்சியகத்தில், பழைய துப்பாக்கிகளைத் தொட்டுப் பார்க்கும் வேலையில். எது அசல், எது பிற்பாடு செய்த நகல் என்று அவர் சொல்வார். அசலின்மேல் காலம் ஏற்றிய பழுப்பைக் கெடாமல் காப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே மேசை.

வியர்வை பட்ட இரும்பு துருப்பிடிக்கும். அதனால் கையுறை கட்டாயம். அவர் கேட்டால்தானே!

"ஏங்க, உறையப் போடுங்களேன். கையா அது, ஒழுகுற குழாயா?"

"உறை போட்டுக்கிட்டு உன் கையப் பிடிச்சா உனக்குப் பிடிக்குமா? இரும்புக்கும் அப்படித்தான்."

"போதும், வழியாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தொட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்ப் பஞ்சால் உடனுக்குடன் துடைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

கடைசியாக வந்தது ஒரு கைத்துப்பாக்கி. வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் "டூப்ளிகேட்" என்றார். குழல் முழுக்க ஒரே சீரான பழுப்பு, அமிலம் தடவிக் கிழடாக்கியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இவர் விடவில்லை. மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் வெறும் கட்டைவிரலை அழுத்தித் தடவினார். "அசல்தான், அடிச்சுச் சொல்றேன். எப்படின்னு நாளைக்கு விளக்குறேன்" என்று திரும்பப் பூட்டினார். "வயசாயிடுச்சுல்ல, விரல் ஏமாத்துது" என்று அந்த நிபுணர் சிரித்துக்கொண்டே வெளியேறினார். நான் பஞ்சை எடுப்பதற்குள் இவர் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போய், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நான் வேலைக்குத் திரும்பினேன். இயக்குநர் தங்கமான மனிதர். அந்தத் துப்பாக்கியை அவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நீங்கதாம்மா முடிவு சொல்லணும். அசல்னா சுத்தம் பண்ணிக் காட்சிக்கு வெச்சிடலாம். டூப்ளிகேட்னா நமக்கு வேண்டாம், கொடுத்தவங்களும் திரும்பக் கேக்கல. நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அவர் கடைசியாத் தொட்டதில்லையா."

கையுறை போட்டுக்கொண்டு குழலைக் கழற்றினேன். திருப்பினேன்.

அடிப்பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. வியர்வை பட்ட இடத்தில் ஆரஞ்சுத் துரு பூத்து, சுழி சுழியாக ரேகை அப்படியே பதிந்திருந்தது. எப்போதோ காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்ட தழும்புகூடக் குறுக்கே ஓடியது. ஐயோ, என் ராசா! வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அழுது ஓய்ந்து விளக்கை இழுத்துப் பார்த்தேன். அமிலத்தில் முக்கியெடுத்த நகலென்றால் மறைவான இடமும் அதே பழுப்பாக இருக்கும். இங்கே அப்படியில்லை. மரம் படிந்த இடம் ஒரு நிறம், படியாத இடம் ஒரு நிறம். கையால் அராவிய கோடுகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. செய்தவரின் முத்திரை வார்ப்பில் வந்ததல்ல, சுத்தியலால் அடித்தது. விளிம்பில் இரும்பு பிதுங்கியிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை, அசல்.

அசல் என்றால் இந்தத் துருவை விட்டுவைக்க முடியாது. பழுப்பு இரும்பைக் காக்கும், ஆரஞ்சு இரும்பைத் தின்னும். எண்ணெய் பூசி மறைத்தாலும் அடியில் தின்றுகொண்டேதான் இருக்கும். டூப்ளிகேட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"எதுக்குங்க அங்க போய்க் கைய வெச்சீங்க?" என்று வாய்விட்டே திட்டினேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா?"

படம் எடுத்தால் போதாதா என்று நினைப்பீர்கள். எடுத்தேன். படத்தில் அது வெறும் ஆரஞ்சுக் கறை.

அந்த நிபுணரின் சிரிப்பு காதிலேயே நின்றது. விரல் ஏமாத்துதாம்! ஆயுசு முழுக்க ஒரு நகலிடம்கூட ஏமாறாத விரல். அதை என் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, அதையே பொய்யாக்குவதா? அவர் போன பிறகு அவருக்கு இருப்பது 'அசல்' என்ற அந்த ஒரு சொல்தான். அதையும் நானே பறித்தால் நான் என்ன பெண்டாட்டி!

எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு ஊறவைத்தேன். மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். ரேகை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பஞ்சில் செம்மண்ணாக வந்தது. தழும்பு மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு அதுவும் வந்துவிட்டது.

இயக்குநர் போனில் கூப்பிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"அசல்ங்க. அவர் சொன்னதுதான் சரி."

"அடடா! மனுஷன் இருந்திருந்தா எப்படிக் குதிச்சிருப்பாரு!"

"ஆமாங்க" என்று போனை வைத்தேன்.

குழலை விளக்கில் காட்டித் திருப்பினேன். அவர் விரல் இருந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்கத்தான். தெரியவில்லை. விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன், உறையைக் கழற்றி வெறும் விரலால் மேலும் கீழும் தடவித் தேடினேன். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தேன், எந்த இடமென்று எனக்கே தெரியவில்லை.