பாஸ்கல் வீட்டு மாடியில் விழுந்த பந்துகள்

கிரேவ்லி பார்க் கால்பந்து மைதானத்தில் நீலச் சட்டை அணியினர் கோல் கம்பத்துக்கு மேலே அடித்த பந்துகளெல்லாம் சென்னையை ஒட்டிய அண்ணனூரில் பாஸ்கல் வீட்டு மொட்டை மாடியில் வந்து விழுந்தன. மைதானம் இருப்பது இங்கிலாந்தில். வீடு இருப்பது ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்டவர்களிடம், பந்து நனையாமல்தான் வந்தது என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. எதிர்வீட்டுப் பச்சையப்பன் மட்டும் சனிக்கிழமைகளில் துணி காயப்போட மாடி ஏறும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டார்.

இதற்கெல்லாம் காரணம் பாஸ்கலின் மனைவி செலின். கல்யாணத்துக்குப் போட்ட கம்மலில் ஒன்றைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். "தொலஞ்சதெல்லாம் என் ஊட்டாண்ட வந்து சேரணும் சாமி" என்று வேண்டிக்கொண்டார். யார் தொலைத்தது என்று சொல்லவில்லை. உலகத்தில் காணாமல் போகிற எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருக்கிற ஒரு புனிதரிடம் இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசியிருக்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமையே முதல் பந்து விழுந்தது.

பாஸ்கல் மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். மீசை முளைத்த நாளிலிருந்து நீலச் சட்டை அணியின் பக்தர்; கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார். டிவியில் அவர்கள் கோலைத் தவறவிடும்போது தலையில் அடித்துக்கொள்வார். அடித்த கை இறங்குவதற்குள் மாடியில் 'தொப்' என்று சத்தம் கேட்கும், முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்துவிடும். அணி தோற்கத் தோற்கத் தெரு கொழுத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு வெளிநாட்டுப் பந்து வைத்திருந்தார்கள். மனசு உறுத்தவே, கோயிலில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பாஸ்கல் இதைச் சொன்னார். பங்குச் சாமியார் வெகுநேரம் யோசித்து, "அடுத்தவங்க பொருள்தானே? சமயம் வாய்க்கும்போது திருப்பிக் கொடுத்திடுங்க" என்றார்.

ஆறு வருஷம் கழித்துச் சமயம் வாய்த்தது. இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த மகள் ரெனிதா, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அப்பாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். பாஸ்கலுக்குப் போகவும் ஆசை, போகாமல் இருக்கவும் ஆசை. மனசுக்குள் முப்பது வருஷமாகக் கட்டி வைத்திருந்த மைதானம் நேரில் பார்த்தால் இடிந்துவிடுமோ என்று பயம். திருடின வீட்டுக்கே விருந்துக்குப் போகிற கூச்சம் வேறு. காற்றுப் பிடுங்கிய பந்து ஒன்றை மாங்காய் ஊறுகாய்க்கும் பனியனுக்கும் நடுவே வைத்து எடுத்துப் போனார்.

ரெனிதா டூட்டிக்குப் போய்விட, தனியாகத்தான் உள்ளே போனார். மைதானம் டிவியில் பார்த்ததைவிடச் சின்னது. அவர் இருக்கைக்கு முன்னால் தூண் வேறு மறைத்தது. இதற்காகவா இத்தனை வருஷம் உருகினோம் என்று சலித்துக்கொண்டே புல்லைப் பார்த்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு ஜெயிக்காவிட்டால் அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரத்தில் நீலச் சட்டைக்காரர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அந்தோணியாரைத் தவிர மற்ற எல்லாப் புனிதர்களையும் பாஸ்கல் கூப்பிட்டார்.

பந்து கம்பத்துக்கு மேலே போய், மேகத்துக்குள் நுழைந்து, காணாமல் போயிற்று. மைதானமே தலையைக் கவிழ்த்துக்கொண்டது. பாஸ்கல் மட்டும் செல்போனைப் பார்த்தார். அது அடித்தது.

"யோவ், பந்து உழுந்து மாடித் தண்ணித் தொட்டி பொத்துக்கினு தெருவெல்லாம் வெள்ளம்யா!" என்று செலின் கத்தினார். "அத்த உடு. தொட்டிக்குள்ள அடியில இன்னா கீது தெரியுமா? என் கம்மலு!"

பாஸ்கலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று செலின் எட்டிப் பார்த்தபோது கம்மல் உள்ளே விழுந்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க அந்தோணியார் ஆறு வருஷமாகக் குறி பார்த்திருக்கிறார். ஒரு கம்மலுக்காக ஒரு அணியையே கீழே இறக்கிவிட்டார். ஒரு பிளம்பரை அனுப்பியிருந்தால் போதாதா?

"அழுவுறியா, சிரிக்கிறியா?" என்றார் செலின்.

"ரெண்டுந்தான்."

பக்கத்து இருக்கை வெள்ளைக்காரக் கிழவர், அணிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து அவர் தோளில் கை போட்டார். அதுவும் பொய்யில்லை. பாஸ்கல் கொண்டுவந்த பந்தைத் தன் இருக்கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அதன்பிறகு அண்ணனூரில் பந்து விழவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் அடித்ததெல்லாம் வலைக்குள் போக ஆரம்பித்தது. ஒரே வருஷத்தில் பழைய பிரிவுக்குத் திரும்பினார்கள். புதுப் பயிற்சியாளரின் திறமை என்று பத்திரிகைகள் எழுதின. புனிதருக்கு அவர்களிடம் வேலை முடிந்துவிட்டது என்பது அண்ணனூருக்குத் தெரியும்.

இப்போதும் வீட்டில் எது காணாமல் போனாலும் செலினின் கை மெழுகுவத்தியைத் தேடித்தான் போகிறது. "வேணா செலினு, அவர இதுல இழுக்காதே. நானே தேடித் தரேன்" என்று பாஸ்கல் கெஞ்சுகிறார். போன சனிக்கிழமை கிரேவ்லி பார்க்கில் அணி கோல் மேல் கோல் போட்டுக்கொண்டிருந்தது. பாஸ்கல் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தலையில் ஒட்டடையோடு கட்டிலுக்கு அடியில் படுத்து, பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.