சிலுவையம்மாள் குடிவைத்தவர்கள்

அம்மாவின் சுண்டுவிரல் நகத்துக்குள் ஒட்டியிருந்த மீன் செதிலை சாரா ஊக்கு முனையால் மெல்ல நெம்பி எடுத்தாள். பட்டுப்புடவை கட்டியாகிவிட்டது. விரல்களில் ஜெபமாலை சுற்றியாகிவிட்டது. இது ஒன்றுதான் மிச்சமிருந்தது. வாசலில் குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிலுவையம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

சாராவின் கணவன் டெரிக் கதவோரமாக நின்றிருந்தான். உட்காரச் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். மாமியாரிடம் அதைவிடக் குறைவாகத்தான் பேசுவான். ஏன் என்று அந்தத் தெருவில் சாராவுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு நிமோனியா வந்தது. ஊசியும் மாத்திரையும் நுரையீரலைக் காப்பாற்றிவிட்டு வயிற்றைக் கெடுத்தன. நாள் முழுக்கப் பேதி. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். மூன்றாவது தடவை திரும்பியபோது கிரேன் ஏணியில் ஏற முடியாமல் பாதியில் இறங்கி வந்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் குடல் கிருமிகளை ஆராய்கிற குழு ஒன்று இருந்தது. அதில் மகிழினி என்ற டாக்டர் பொறுமையாக விளக்கினாள். மருந்து கெட்ட கிருமிகளோடு நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது. காலியான இடத்தில் முரட்டுக் கிருமி ஒன்று பரவி உட்கார்ந்துவிட்டது. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து இவன் குடலில் விட்டால் அது ஒடுங்கும். டெரிக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலுவையம்மாள்தான் தலையாட்டினாள்.

"இன்னாடா இதுல," என்றாள், வெளியே வந்ததும். "நல்ல குடும்பங்க காலி பண்ணிகினு போன வூட்ல ரவுடிங்க பூந்துகினானுங்க. மறுபடி நல்ல குடும்பத்த குடி வெச்சா அவனுங்க தானா கெளம்பிருவானுங்க."

டெரிக்கின் அண்ணனையும் சாராவையும் சோதித்து, ஒத்துவராது என்றார்கள். சிலுவையம்மாள் எல்லாச் சோதனையிலும் தேறினாள். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவள், தேர்வில் முதலாவதாக வந்தவளைப் போல அன்று ஷேர் ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

டெரிக் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் துறைமுகத்தில் தலைகாட்ட முடியாது. சிலுவையம்மாள் மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சாராவுக்கு நம்பிக்கையில்லை. சாராவின் மூக்குத்தி என்ன விலை என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டு வருகிறவள் அம்மா.

சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பேதி நின்றது. மாதங்கள் போகப்போக டெரிக்கின் கன்னம் நிரம்பியது. மகிழினி அவ்வப்போது அவனிடம் மல மாதிரி வாங்கிப் போவாள். போன மாதம் அவள் ஒரு செய்தி சொன்னாள். சிலுவையம்மாளிடமிருந்து வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இன்னும் அவன் குடலில் உயிரோடு பெருகிக்கொண்டிருக்கின்றன. புண்ணாகிக் கிடந்த குடல் சுவர் தேறியிருக்கிறது. அவன் உடம்பு அவற்றை வேற்றாளாக நினைக்கவில்லை, சொந்தமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு மார்க்கெட்டில் தன் வரிசையில் இருந்த எல்லோருக்கும் சிலுவையம்மாள் டீ வாங்கிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்ல அம்மா எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று சாராவுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை ஜெபம் முடிந்தது. சவப்பெட்டியை எடுப்பதற்கு முன் சிலுவையம்மாளின் அண்ணன் வேதமாணிக்கம் இரண்டு வார்த்தை பேச எழுந்தார். தங்கையின் உழைப்பைச் சொன்னார், தைரியத்தைச் சொன்னார். அழுகையை அடக்குவதற்காகவோ என்னவோ, கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார்.

"வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு ரகசியம் தங்காது அவகிட்ட."

அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"தங்கும், மாமா," என்றான் டெரிக்.

எல்லோரும் திரும்பினார்கள். சாரா அவன் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அவன் பெட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மஞ்சக்காமாலன்னு நெனச்சிகினு இருந்தீங்க. அது இல்ல. கொடல் போயிருச்சி. அத்த கக்கூசு போனத எடுத்து, அதுல கீற நல்ல கிருமிங்கள என் கொடல்ல வுட்டாங்க. அதுலதான் பொழச்சேன்."

பின்வரிசையில் ஓர் இளைஞன் களுக்கென்று சிரித்தான். வேதமாணிக்கம் திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டான். டெரிக் அமைதி வரும்வரை காத்திருந்தான்.

"அதுங்க இன்னும் எனக்குள்ள உசுரோட கீதுங்க. வெளிய சொல்லாதீங்கன்னு நாந்தான் அவங்க வாய கட்டுனேன். எல்லார்கிட்டயும் சொல்லணும்னு அவங்களுக்கு எவ்ளோ ஆசன்னு எனக்குத் தெரியும். அதான் நான் சொல்றேன்."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தங்கச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாராவின் கூன் போட்டிருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

கடைசியாக முகம் பார்க்க மார்க்கெட் பெண்கள் வரிசையில் வந்தார்கள். முதலில் வந்த அடைக்கலமேரி, பக்கத்துக் கடைக்காரி, சிலுவையம்மாளின் நெற்றியில் முத்தமிட்டாள். பெட்டியைச் சுற்றி வந்தவள் டெரிக்கின் எதிரே நின்றாள். ஐஸில் ஊறித் தடித்த உள்ளங்கையை அவன் வயிற்றின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்து வந்தவளும் வைத்தாள். அதற்கடுத்தவளும்.

டெரிக் சட்டையை இழுத்துவிடத் தூக்கிய கையைக் கீழே இறக்கிக்கொண்டான். வரிசை வாசல் தாண்டித் தெருவரை நின்றது.