சல்லி மீற்றரின் சிம்

குணரத்தினத்துக்கு மீற்றர்களைக் கண்ணால் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. மின்சாரக் கந்தோரின் மேல்மாடியில், மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருப்பார். தொழிற்சாலை மீற்றர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மோடம், மோடத்துக்குள் கைத்தொலைபேசியில் போடுகிற அதே சிம். காலையில் கணினி தானாகவே அழைப்பு எடுக்கும், மீற்றர் ஓடிய அலகைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். பதில் சொல்லாத மீற்றரை இருந்த இடத்திலிருந்தே திருத்துவதுதான் அவருடைய உத்தியோகம். யுத்தத்துக்குள் கம்பம் ஏறித் திரிந்தவர்கள் அவரைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எரியட்டும் என்று இருந்தார்.

அந்த நிம்மதியைச் சல்லி என்ற கரையோரக் கிராமத்து ஐஸ் தொழிற்சாலை மீற்றர் கெடுத்தது. கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகள் எல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்ல, இது மட்டும் ஒரு கிழமையாக வாய் திறக்கவில்லை. நேரில் போவதென்றால் அனுமதி எடுக்கவேண்டும், ஆமியின் சோதனைச் சென்றிகளில் இறங்கி ஏறவேண்டும். அதற்கு அவர் ஆள் இல்லை. ஒருநாள் காலையில், கணினி அழைக்கும் நேரத்துக்கு முன்னமே, அங்கே எஞ்சின் பார்க்கும் தம்பிராசாவுக்குக் கோல் எடுத்தார்.

"அண்ணை, மீற்றர்ப் பெட்டியின்ர சீல் கம்பியை வெட்டிப்போட்டுத் திறவுங்கோ. உள்ளுக்கு இருக்கிற சிம்மைக் கழட்டி உங்கட போனில போட்டு எனக்கு எடுங்கோ."

"சீல் வெட்டலாமே தம்பி? பிறகு கரண்ட் களவெண்டு என்னைப் பிடிப்பியள்."

"நான்தானே சொல்லுறன். ஒண்டும் வராது."

சிம்மிலிருந்து கோல் வந்தது, குரல் கணீரென்று கேட்டது. 'சரி, திரும்பப் போடுங்கோ' என்று சொல்ல வாயெடுத்தபோது லைன் செத்துவிட்டது. யன்னலால் பார்த்தால் துறைமுகத்திலிருந்து கடற்படைக் கப்பல்கள் வரிசையாக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தன. கப்பல் வெளிக்கிட்டால் கரையோரத்துக் கைத்தொலைபேசிகளை நிறுத்திவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஒரு கிழமையாக அவை தினமும் வெளிக்கிடுவது இந்த நேரம், கணினி சல்லிக்கு எடுப்பதும் அதே நேரம்தான். மீற்றரில் ஒரு பழுதும் இல்லை! குணரத்தினம் தனியே சிரித்தார். சல்லிக்கு அழைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார், தேத்தண்ணி குடித்தார். தம்பிராசாவுக்குத் திரும்ப எடுக்கவேண்டும் என்பதை அடியோடு மறந்துபோனார்.

தம்பிராசா பின்னேரம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, சிம் போனுக்குள் இருந்தபடியே சைக்கிளில் பாலையூற்றில் உள்ள வீட்டுக்கு வெளிக்கிட்டார். சென்றியில் போனை வாங்கிப் பார்த்தார்கள். ஆளின் பெயர் ஒன்று, சிம்மின் பதிவு வேறொன்று. அந்த நாளில் ஒருவனைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோக அது தாராளம்.

மறுநாள் விடியவே தம்பிராசாவின் மனிசி அன்னப்பிள்ளை கந்தோருக்கு வந்துவிட்டாள். சிம் கந்தோருடையது என்று ஒருவர் ஆமி முகாமுக்கு வந்து சொன்னால் போதும் என்றாள். குணரத்தினம் அவளைக் கந்தோர்ப் பெரியவரிடம் கூட்டிப்போனார்.

"மீற்றர்ச் சீல் வெட்டச் சொன்னது ஆர்?" என்று பெரியவர் கேட்டார்.

குணரத்தினம் நிலத்தைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லையெண்டால், எங்களுக்கும் தெரியாது," என்றார் பெரியவர்.

மேசைக்குத் திரும்பியபோது கணினி சல்லியை அழைத்துக்கொண்டிருந்தது. யாரோ எடுத்தார்கள். கணினியின் மோடம் கிரீச்சென்று கத்தத் தொடங்க, குணரத்தினம் பதறிப்போய் அதே லைனில் இருந்த றிசீவரைத் தூக்கினார்.

"கவுத?" யாரென்று சிங்களத்தில் ஒரு குரல் அதட்டியது. "கவுத?"

பிடிபட்டவனின் போனுக்கு, பெயரில்லாத இடத்திலிருந்து ஒரு கத்தல். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. இது மின்சாரக் கந்தோர், சிம் எங்களுடையது என்று சொன்னால் முடிந்தது. சிங்களமும் அவருக்கு நன்றாகவே தெரியும். றிசீவரை வைத்துவிட்டார். வைத்தது மட்டுமல்ல, இனிமேல் கணினி அழைக்காதபடி சல்லி இலக்கத்தையும் கவனமாக அழித்தார். அந்த வேலையில் மட்டும் ஒரு பிழையும் விடவில்லை.

அன்னப்பிள்ளை தினமும் முகாமுக்குப் போய்விட்டு வந்து படிக்கட்டில் இருந்தாள்.

"சாப்பாட்டுப் பார்சலை உள்ளுக்கு வாங்கினவங்கள் தம்பி. ஆள் இருக்கிறார். நீங்கள் ஒருக்கா வந்து சொன்னால் விட்டிடுவாங்கள்."

"பெரியவரைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன், அக்கா."

அவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் சோற்றில் கை வைத்தால் அந்தப் பார்சல்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் ஒரு காலை, கந்தோருக்குப் போகாமல், அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே முகாம் வாசலுக்குப் போனார். அன்னப்பிள்ளை கையில் பார்சலோடு அங்கே நின்றாள்.

காவலில் நின்றவனிடம் குணரத்தினம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சிம் கந்தோருடையது, கழற்றச் சொன்னது நான், அந்த மனிதன் ஒரு பாவமும் அறியாதவன். சொல்லிவிட்டு அடையாள அட்டையை நீட்டினார். காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவே இல்லையாம்.

குணரத்தினம் அன்னப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். அவள் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நேற்றும் வாங்கினவங்கள் தம்பி," என்றாள்.