ஏழாவது சீட்டு

மாடியில் கிளினிக், கீழே மருந்துக்கடை. டாக்டர் என்ன எழுதியிருப்பார் என்பது சீட்டு படியிறங்கி வருமுன்னே கடைக்காரிக்குத் தெரிந்துவிடும். அன்று காலையிலிருந்து வந்த ஆறு சீட்டிலும் ஒரே புது சர்க்கரை மாத்திரை. ஏழாவதை பஸ் டிரைவர் நீட்டினார்.

"உங்களுக்குமா?"

"எனக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுவாரா, அக்கா?"

மூலையில் ஸ்டூல் போட்டு அவள் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். மருந்துக் கம்பெனி ரெப். தன் மாத்திரையை எந்த டாக்டர் எத்தனை பேருக்கு எழுதுகிறார் என்று கடை கடையாக எண்ணுவதும் அவன் வேலையில் சேர்த்தி. நோட்டில் ஏழாவது கோடு போட்டான்.

"பழைய மாத்திரையோட இதையும் போடணுமா?" என்றாள் டிரைவரிடம்.

"ரெண்டும்தான்."

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க. வீட்டுக்காரி தட்டுல முக்காவாசி காயை அடுக்கிடறா, சோத்தைத் தேடிப் பிடிக்கணும். சர்க்கரையைக் கண்ணுல பாத்து மூணு மாசமாச்சு. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டுட்டேன்."

"மயக்கம் கியக்கம்?"

"அதெல்லாம் இல்ல. முந்தாநாள் சிக்னல்ல நிக்கும்போது கை நடுங்கி வேர்த்துச்சு. ரெண்டு பிஸ்கட் தின்னேன், சரியாப் போச்சு."

மாத்திரை அட்டையை எடுத்த அவள் கை அப்படியே நின்றது. பழைய மாத்திரைக்கே சர்க்கரை தாழ்ந்து போகிறது. இதுவும் சேர்ந்து ஓடும் வண்டியில் கண் இருட்டினால்?

"ரத்தம் பாத்தீங்களா?"

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. நேற்றைய ரிப்போர்ட். அளவு நன்றாக இறங்கியிருந்தது.

"இதை மேல காட்டலையா?"

"அவர் பழைய ஃபைலைப் பாத்து எழுதிட்டிருந்தார். கேக்காம எப்படி நீட்டறது? மரியாதையா இருக்காதே."

"ரொம்ப நல்ல மரியாதை. வாங்க, மேல போவோம்."

"அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக, "டாக்டர் எழுதினதைக் குடுக்கறதுதானே உங்க வேலை? இந்த மாச விற்பனைக்கு நான் அந்த டாக்டரைத்தான் நம்பியிருக்கேன்."

"உங்கண்ணன் இவர் பஸ்லதான் தினம் வேலைக்குப் போறார்."

அவன் பேனாவை மூடி வைத்தான்.

மாடியில் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"இதை எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"என்ன சாப்பிடறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பெல்ட்டையே கழட்டிக் காட்டியிருப்பார், சார்."

டாக்டருக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"போன வாரம் கம்பெனிக்காரங்க பெரிய ஹோட்டல்ல விருந்து வெச்சு, படம் படமாப் போட்டு விளக்கினாங்க. அதுலேர்ந்து யாரைப் பாத்தாலும் அந்தப் பேர்தான் கைக்கு வருது." சீட்டில் புது மாத்திரையின் பேரை அடித்தார். பழையதைப் பாதியாக்கினார். "ரெண்டு நாள் வண்டி எடுக்காதீங்க. காயை விடாதீங்க. வர்ற வாரம் வந்து காட்டுங்க."

டிரைவர் போனபின்னும் அவள் நகரவில்லை.

"மத்த ஆறு பேர், சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூப்பிடுங்க. நான் மறுபடி பாக்கற வரைக்கும் யாரும் புதுசைத் தொட வேணாம்."

கீழே வந்து, ஆறு சீட்டின் நகல்களையும் கொழுந்தன் முன் வைத்தாள். "நம்பரை வாசி, நான் போன் போடறேன்."

அவன் புரட்டிப் பார்த்தான். "இதுல ஒருத்தருக்காவது நெஜமாவே தேவைப்படலாம், அண்ணி."

"படலாம். கேட்டுட்டு எழுதட்டும். நீ வாசி."

வாசித்தான்.